துருவுக்கு ஓர் இலக்கணம்

அசல் காரின் 24-இல் ஒரு பங்கு அளவில், பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கால் வார்க்கப்படும் மாதிரிக் கார்களின் மேல் துரு, வெயில் வெளுப்பு, பெயின்ட் உரிவு ஆகியவற்றை வலிந்து உண்டாக்கும் செயல் இவ்வாய்வில் 'முதுமையூட்டல்' எனப்படும். பிளாஸ்டிக் ஒருநாளும் துருப்பிடிப்பதில்லை. துருப்பிடிக்கும் அசல் காரின் உரிமையாளரோ டிங்கரிங், பட்டி, பெயின்ட் என்று செலவழித்து அதனை மறைக்கப் பார்க்கிறார். ஆகவே, ஒருவர் பணம் கொடுத்துத் தொலைக்கும் குறையை இன்னொருவர் பணம் கொடுத்துப் பெறுவதே இத்துறையின் பொருளியல் அடிப்படை.

செய்முறையில் இரு மரபுகள் உள. அவற்றைச் சார்ந்தோர் வடகலை, தென்கலையாரைப் போல நுண்ணிய வேறுபாடுகளுக்காக நெடிது வாதிட வல்லவர்கள். ஹேர்ஸ்பிரே மரபினர், முதலில் செம்பழுப்பு நிறத்தைப் பூசி நன்கு காயவிட்டு, அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஹேர்ஸ்பிரேயை அடித்து, பிறகு காரின் நிறத்தை நீரில் கரையும் அக்ரிலிக் பெயின்டால் மெல்லியதாகப் பூசுவர். அது காய்ந்த சில மணி நேரத்திற்குள் நீர் தொட்டு முரட்டுத் தூரிகையால் தேய்த்தால், நீர் உட்புகுந்து ஹேர்ஸ்பிரே கரைய, மேற்பூச்சு செதிள் செதிளாகப் பெயர்ந்து அடியிலுள்ள 'துரு' வெளிப்படும். உப்பு மரபினர் ஈரப்படுத்திய பரப்பில் உப்புக் கற்களைத் தூவிப் பெயின்ட் அடித்தபின் அவற்றை உதிர்த்துவிடுவர். ஜெர்மனியின் குளிர்காலச் சாலைகளில் பனியை உருக்கத் தூவப்படும் உப்பே அசல் கார்களை அரித்துத் தின்கிறது என்பதை நோக்க, மூலப்பொருளுக்கு உண்மையாக இருப்பவர் இவர்களே என்று தீர்ப்பளிக்கலாம்.

எப்படிப் பூசுவது என்பதினும் எங்கே பூசுவது என்பதே கடினம். டாமியா நிறுவனம் 1/24 அளவில் வெளியிட்ட 1966-ஆம் ஆண்டு வோக்ஸ்வேகன் பீட்டிலை எடுத்துக்கொண்டால், அசல் வண்டியில் மட்கார்டுகள் போல்ட் போட்டு இணைக்கப்பட்டவையாதலின் அவ்விணைப்பில் ஈரம் தங்கித் துரு தொடங்கும். பின் இருக்கைக்கு அடியிலுள்ள பேட்டரியின் அமிலம் கீழ்த்தகட்டை அரிக்கும். கதவுகளுக்குக் கீழே, பின்புற எஞ்சினிலிருந்து வெப்பக்காற்றைக் கொண்டுவரும் குழல் உள்ளிருந்தே இற்றுப்போகும். நீர் நில்லாது வழியும் கூரையின் நடுவே துருவை அள்ளிப் பூசுபவர் வண்டியை அறியாதவர். அங்கு உரியது வெளுப்பு மட்டுமே. கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் காரின் கதவுக்குத் துருப் பூசுவதோ மன்னிக்க இயலாத இலக்கணப் பிழை. அதன் வெளித்தகடுகள் பருத்திக் கழிவும் பிசினும் சேர்த்து அழுத்திய டூரோபிளாஸ்ட்டால் ஆனவை. துருப்பிடிப்பது அவற்றைத் தாங்கும் எஃகுச் சட்டமே.

அளவு குறித்தும் ஒரு விதி உண்டு. மாதிரியில் 1 மில்லிமீட்டர் அகலமுள்ள உரிவு, அசலில் 24 மில்லிமீட்டர் ஆகிவிடுமாதலால், கை சற்றே தாராளமானாலும் பழைய கார் என்பது போய், விபத்தில் சிக்கிய கார் ஆகிவிடும். அஃதேல், காலத்தையும் இதே விகிதத்தில் சுருக்க வேண்டாமா எனின், 24 ஆண்டுத் துருவுக்கு ஓராண்டு பிடித்தாக வேண்டும். இரண்டு மாலைப்பொழுதில் முடித்துவிடும் கலைஞர்கள் இவ்வினாவுக்கு இதுவரை விடையிறுத்ததாகத் தெரியவில்லை.

இவ்வாறு துருவும் புழுதியும் ஏற்றி முடித்த காரை அவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகின்றனர். வீட்டுத் தூசி 24-இல் ஒரு பங்காகச் சுருங்குவதில்லையாதலால், அது படிந்தால் வண்டியின் தோற்றம் கெட்டுவிடும்.