பொன்னொளி படும் பாடு

வெளிப்புற ஒளிப்படம் கற்பிக்கும் நூல்களைப் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதினார்கள். அங்கே சூரியன் சாய்வாக, சாவகாசமாக ஏறும். ‘பொன்னொளி நேரம்’ நீண்டு கிடக்கும். கடலூரோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 பாகைக்குள். முக்காலியை விரிப்பதற்குள் வெயில் சுள்ளென்று அடிக்கும். ‘கடலில் அஸ்தமனம்’ அத்தியாயத்தை மனப்பாடம் செய்துகொண்டு சில்வர் பீச்சுக்குப் போனால், கிழக்குக் கடற்கரை, என்ன செய்ய, சூரியன் முதுகுக்குப் பின்னால் மஞ்சக்குப்பம் பக்கம் இறங்கும்.

பிச்சாவரத்தில் படகுச் சீட்டு கையில் வரும்போது பொன்னொளி போயிருக்கும். சுரபுன்னைக் காட்டுக்குள் மேலே பளீர், கீழே கும்மிருட்டு. பளிச்சென்ற வெயிலுக்கான எஃப்/16 விதி அங்கே செல்லாது. “சார், ஆடாம உக்காருங்க” என்பார் படகோட்டி. நூலில் அதற்கு ஆறு பக்கம்.

சிதம்பரம் கோபுர வாயில்களில் 108 நடனக் கரணச் சிற்பங்கள். ஆடுபவர்கள் அசையமாட்டார்கள், ஷட்டர் வேக அத்தியாயத்தைத் தாண்டிவிடலாம். குறுக்கே வரும் செல்ஃபிக்காரருக்குத்தான் அத்தியாயமே இல்லை.