மடையர்களும் புறம்போக்குகளும்

நமக்குக் கோபம் வந்தால் வாயில் வந்து விழும் வசவுகளில் இரண்டு, ஏரிக்கரையில் பிறந்தவை. ஒன்று மடையன். இன்னொன்று புறம்போக்கு.

கரை தாங்காது என்று தெரிந்த மழை இரவில் ஏரிக்குள் மூழ்கி, அடியில் இருக்கும் தூம்பின் அடைப்பைத் தூக்கிவிட்டு, உயிர் இருந்தால் மேலே வந்தவன் மடையன். மடமையிலிருந்து வந்த சொல் என்று அகராதி சொல்லும். வயற்காட்டில் கேட்டால் மடையிலிருந்து வந்தது என்பார்கள். நான் வயற்காட்டின் கட்சி. ஊரைக் காப்பாற்ற முங்கியவன் முட்டாள்; அதே ஏரியில் கல் ஊன்றி விற்றவர் தொழிலதிபர். இப்படிப் பெயர் வைத்த சமூகத்துக்குத் தண்ணீர் லாரி வரத்தான் செய்யும்.

புறம்போக்கு என்றால் தீர்வை தராத நிலம். ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் தரை, களத்துமேடு, சுடுகாடு. ரயத்துவாரியில் வயலை அளந்து ஆளுக்கொரு பட்டா கொடுத்த வெள்ளைக்காரனுக்கு, யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாமல் எல்லாருக்கும் சோறு போட்ட நிலம் விளங்கவில்லை. கணக்குக்கு வெளியே தள்ளினான். தள்ளியவன், ஏரி வேலைக்கு ஆள் வரவில்லை என்றதும் 1858-ல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டான். ஏரி சர்க்காருடையது, மண்வெட்டி மட்டும் உன்னுடையது. அவன் போய்விட்டான். அவனுடைய கணக்குப் புத்தகத்தை நாம் பூஜை அறையில் வைத்திருக்கிறோம்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி மேடைதோறும் முழங்குகிறோமே, பத்தாம் நூற்றாண்டிலேயே குடவோலை என்று, அதில் ஏரி வாரியம் என்று ஒன்று உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையில் எழுதக்கூடாது. அவன் உறவினர் பெயரையும் எழுதக்கூடாது. இந்த ஒரு விதியை நாளைக்கே அமலாக்கினால் பல ஊர்களில் வேட்புமனு வாங்கும் அலுவலர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். (அந்த ஓலையில் பெயர் ஏற நிலமும் வேதப் படிப்பும் வேண்டும் என்பதை மேடையில் சொல்வதில்லை. பல ஊர்களில் வயல் வயலாக நீர் பாய்ச்சிய நீர்க்கட்டியின் வீடு சேரியில்தான் இருந்தது. பழம்பெருமையில் ரொம்பவும் சாய்ந்து உட்கார வேண்டாம், முதுகில் குத்தும்.)

ஏரியை யாரும் நேராகக் கொல்வதில்லை. அவ்வளவு துணிச்சல் நம்மிடம் இல்லை. முதலில் வரத்துக்கால் தூரும். யார் தூர்த்தது என்று கேட்கக்கூடாது. அது தானாகத் தூரும், சில நேரம் ஜேசிபியின் உதவியோடு. ஏரி நீரை நம்பிய வயல்கள், அதாவது ஆயக்கட்டு, நீர் வராமல் நாலு வருஷம் தரிசாகக் கிடக்கும். வயலில் மஞ்சளும் சிவப்பும் அடித்த கல் முளைக்கும். விளம்பரம் வரும்: தெளிவான பட்டா, வாஸ்து, பேருந்து நிலையம் ஐந்தே நிமிடம், சுவையான நிலத்தடி நீர். சுவையாகத்தான் இருக்கும், ஏரி இன்னும் சாகவில்லை அல்லவா? வயல் எல்லாம் வீடான பிறகு கோப்பு நகரும்: ஆயக்கட்டு இல்லை, ஆகவே இந்த ஏரியால் பாசனப் பயன் இல்லை, ஆகவே பொதுநலன் கருதி. பிள்ளைகளை விரட்டிவிட்டு, வாரிசு இல்லாதவள் என்று தாயின் சொத்தை எழுதி வாங்குகிற கலை இது.

தமிழ்நாட்டில் 39,000-க்கு மேல் ஏரி, கண்மாய்கள் என்று அரசின் கணக்கு சொல்கிறது. எத்தனை, காகிதத்தில் மட்டும் நிரம்பியவை? சென்னை நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா உண்டு, டேங்க் பண்ட் ரோடு உண்டு. லேக்கும் இல்லை, டேங்கும் இல்லை. அங்கிருந்த நெடிய ஏரியின் ஒரு பங்கை 1920-களில் தியாகராய நகருக்குக் கொடுத்தோம். எஞ்சிய ஏரிப்படுகையில் 1976-ல் வள்ளுவர் கோட்டம். கடவுளுக்கு அடுத்த அதிகாரத்தையே மழைக்கு ஒதுக்கிய மனுஷனுக்கு, ஏரியை மூடி அதன் மேல் கல்தேர்! வான்சிறப்பின் பத்துக் குறளையும் அங்கேயே கல்லில் வெட்டியும் வைத்தோம். செத்தவர் வீட்டு வாசலில் கல்யாண வாழ்த்து.

2007-ல் ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டமே வந்தது. அந்தச் சட்டத்தின் கண்ணில் படுவது குடிசைகள் மட்டும்தான். மாடிக் கட்டடங்களை நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் போலிருக்கிறது.

இப்போது ஏரியை 'மீட்கிறார்கள்'. சுற்றி நடைபாதை, நடுவில் தீவு, படகு, 'ஐ லவ்' என்று ஊர்ப்பெயரோடு எரியும் விளக்கு. எல்லாம் அழகு. மதகு எங்கே என்று கேட்டேன், சிமெண்ட் பூசிவிட்டார்களாம். மிகை நீர் வழியும் கலிங்கு? அங்கேதான் டிக்கெட் கவுண்டர். வண்டலை அள்ள வண்டி இல்லை, அள்ளினாலும் கொட்ட வயல் இல்லை. நீர் வர வழியில்லை, போக வழியில்லை. ஏரி என்பதற்கு இனித் தொட்டி என்று பொருள்.

2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீர் தன் பழைய விலாசத்தைத் தேடி வந்தது. தெருவில் படகு போயிற்று. ஒவ்வொரு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சின்னதாக ஒருமுறை வந்து பார்த்துவிட்டுத்தான் போகிறது. 'லேக் வியூ' குடியிருப்பின் இரண்டாம் மாடியில் நின்றபடி, பாதி முங்கிய காரைப் பார்த்து, ஊராட்சியிலிருந்து முதலமைச்சர் வரை வரிசையாகத் திட்டிக்கொண்டிருக்கிறோம்: மடையன்கள், புறம்போக்குகள். கீழே மோட்டார் வைத்துத் தெருநீரை அடுத்த தெருவுக்கு இறைக்கிறார்கள். இந்தத் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று கேட்டால், காட்ட அங்கே ஒரு மடையன் இல்லை.