துட்டுக்கு எட்டு அணு

வட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் துட்டுக்கு எட்டுக் கொட்டைப்பாக்கு. எங்கள் ஊரின் பெயரை ஊரெல்லாம் பரப்பியது இந்தப் பழமொழிதான். ஆனால் கவனியுங்கோ, அந்தப் பதிலைச் சொன்னவன் எங்கள் ஊரவன் இல்லை. வழியில் நின்ற எவனோ பாக்கு வியாபாரி.

எங்கள் ஊரில் நேராகப் பேசித்தான் வம்பு வந்தது. 1823இல் அமெரிக்க மிஷன் இங்கே செமினரி தொடங்கியது. 1829இல் சந்திர கிரகணம். பஞ்சாங்கக் கணக்குப் பிழை என்று டானியல் பூவர் பாதிரியார், பஞ்சாங்கம் கணித்த அராலி விசுவநாத சாஸ்திரியாரோடு மல்லுக்கு நின்றார். சந்திரன் பாதிரியார் பக்கம் சாய்ந்துவிட்டது. ஒருவர் கணக்கில் பிழை காட்ட இன்னொருவர் கடல் கடந்து வரவேண்டியிருந்தது.

இனிப் பாக்குக் கதை: ஒன்றிடம் கேட்க வேறொன்று பதில் சொன்ன கதை. திண்மம் ஒன்று உராய்வே இல்லாமல் ஓடுமா என்று 1970இல் இயற்பியலாளர் அந்தனி லெகெட் கேள்விக்குறியோடு ஒரு கட்டுரை எழுதினார். அணுக்கள் படிகம்போல் வரிசையில் நிற்கவும் வேணும், ஓடவும் வேணும். தேர்வடம் பிடித்தபடியே வீட்டில் படுத்திருக்கிறேன் என்பதுபோல. பெயர் மீத்திண்மம்.

2004இல் பென்சில்வேனியாவில் மோசஸ் சானும் கிம் உன்சோங்கும் திண்ம ஹீலியம் அடைத்த சின்னக் குடுவையைத் தொங்கவிட்டு, இடமும் வலமுமாக முறுக்கி ஆட்டினார்கள். தனிப்பூச்சியத்துக்கு மேலே 0.2 பாகைக்கும் குறைவான குளிரில் ஆட்டம் கொஞ்சம் வேகமானது. தலையில் இருந்த மாம்பழக் கடகம் நடுவழியில் இலேசானால் என்ன நினைப்போம்? எவனோ எடுத்திட்டான். அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்: ஹீலியத்தில் ஒரு பங்கு ஆட்டத்தில் சேராமல் நழுவி நிற்கிறது! 2012இல் சானே குடுவையை மாற்றிச் செய்து பார்த்தார். ஒரு மாம்பழமும் குறையவில்லை. குளிரில் ஹீலியம் விறைத்ததுதான் ஆட்டத்தை மாற்றியிருந்தது. மனுஷன் தன் பஞ்சாங்கத்தைத் தானே கிழித்தார்; பாதிரியார் தேவைப்படவில்லை.

கடைசியில் திண்மத்திடம் கேட்ட கேள்விக்கு வாயு பதில் சொன்னது. 1924இல் டாக்காவில் இருந்து சத்தியேந்திரநாத் போஸ் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய கணக்கில் முளைத்த குளிர்வாயு அது. 2017இல் சூரிச்சிலும் எம்ஐடியிலும் லேசரால் முட்டுக்கொடுத்து அதை மீத்திண்மமாக நிறுத்திக் காட்டினார்கள். 2019இல் பீசா, ஸ்டுட்கார்ட், இன்ஸ்புருக் மூன்று இடத்திலும் முட்டுத் தேவைப்படவில்லை. காந்தக்குணம் மிகுந்த டிஸ்ப்ரோசியம் வாயு தானாகவே துளித்துளியாய் வரிசை கட்டியது. துளிக்குத் துளி அணுக்கள் தடையின்றிப் போய்வந்தன. 2024இல் இன்ஸ்புருக்காரர் அதைச் சுழற்றி, உள்ளே நுண்சுழிகளையும் கண்டார்கள்.

முழுச் சரக்கும் சில பத்தாயிரம் அணுக்கள். வெற்றிலைத் தட்டத்துச் சீவல் தூளுக்கும் காணாது.