கேப்டன் ஐயாவுக்கு ஒரு போன்

அலோ, ஷிப்ட் இன்சார்ஜ் சாருங்களா? நான் பிள்ளையார்பாளையத்துல இருந்து உன் சின்னத் தாத்தா பேசறேன். மீட்டிங்ல இருக்கேன்னு சொல்லாதே, பின்னால டீ கிளாஸ் சத்தம் கேக்குது.

உங்கப்பன் ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்துட்டான். நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு. பக்கத்து வீட்டுக்காரன், எதிர் வீட்டுக்காரன், கடன் குடுத்தவன்னு பெரிய காஞ்சிபுரமே வந்து பாத்துட்டுப் போயிடுச்சு. பெத்த புள்ள மட்டும் இன்னும் வரல. கேட்டா, "சொந்தக் கஷ்டத்தை வேலையில காட்டக்கூடாது, நட்சத்திரக் கப்பல் கேப்டன் அப்படித்தான் இருப்பார்"னு சொன்னியாமே? உன் பொண்டாட்டிதான் சொன்னா. அவ இன்னொண்ணும் சொன்னா. ராத்திரியில பாத்ரூம் குழாயைத் திறந்து விட்டுட்டு அழறியாம். தண்ணி வீணாப் போகுதேன்னுதான் எனக்குக் கவலை.

நீ சொன்ன கேப்டன் வர்ற அந்த சீரியலை நானும் உக்காந்து பாத்தேன். கேப்டனுக்குப் பொண்டாட்டி போயிட்டா, அண்ணன் செத்துட்டான், கப்பல் பத்திக்கிட்டு எரியுது. ஆளு மொகத்துல ஒரு சுருக்கம் இல்ல, சட்டையிலயும் இல்ல. இஸ்திரி நல்லாப் போடற கப்பல்தான். வானத்துக்குக் காலை நீட்டினவரு நம்ம ஊருலயும் இருக்காருடா, உலகளந்த பெருமாள். அவரே இன்னொரு காலைக் கீழ ஊனிக்கிட்டுத்தான் நிக்கறாரு. நீ ரெண்டு காலையும் தூக்கிட்டே.

சரி, அது கதை. நெசமாவே மேல போனவங்க என்ன பண்ணாங்கன்னு தெரியுமா? தறியை விட்டு எறங்கினவனுக்குப் பேப்பர் படிக்கறதைத் தவிர வேலை ஏது, சொல்றேன் கேளு.

2007 டிசம்பர். டேனியல் டானின்னு ஒரு அமெரிக்கக்காரர் விண்வெளி நிலையத்துல இருக்கார். அந்த மாசமே எறங்க வேண்டியவரு. கூட்டிட்டு வர வேண்டிய அட்லாண்டிஸ் ஷட்டில், எரிபொருள் சென்சார் கோளாறுல நின்னுபோச்சு. 18ஆம் தேதி நிலையத்துத் தலைவி பெக்கி விட்சனோட வெளிய போயி, சூரியத் தகட்டுக் கோளாறைச் சோதிச்சுட்டு உள்ள வர்றார். மறுநாள் இல்லினாய்ஸ்ல அவரோட 90 வயசு அம்மா போன காரு மேல ரயில் மோதி, அந்தம்மா போயிட்டாங்க. சேதியை அவருகிட்ட மறைக்கல. கடைசியா ஒரு தடவை மொகம் பாக்க எறங்கி வர வழியும் இல்ல. ஜனவரி 30ஆம் தேதி, அதே விட்சனோட மறுபடி வெளிய போயி, தகட்டைத் திருப்பற மோட்டாரை மாத்திக் குடுத்தார். அவரு துக்கம் தெரிஞ்சுதான் அந்த வேலையை அவரு கையில குடுத்தாங்க. தரையைத் தொட்டது பிப்ரவரி 20.

அதுக்கு முப்பது வருஷம் முன்னாடி சோவியத்துக்காரங்க இருந்தாங்களே, அவங்க உன் கட்சி. கிரெச்கோங்கறவரு சல்யூட் 6 நிலையத்துக்குப் போயி, 96 நாள் மேல இருந்தார். நடுவுல அவரு அப்பா போயிட்டார். கீழ இருந்தவங்க அவருகிட்ட மூச்சு விடல. 1978 மார்ச்ல எறங்கினப்புறம்தான் சொன்னாங்க. அவருக்காவது மத்தவங்க மறைச்சாங்க. நீ ஒனக்கு நீயே மாஸ்கோவா இருக்கியேடா!

அந்த விட்சன் அம்மாதான் 2025 ஜூன்ல நம்ம சுபான்ஷு சுக்லா போன பயணத்துக்கும் கமாண்டர். கூட இருந்தவரோட துக்கம் தெரிஞ்சதால அந்தம்மா பதவி ஒண்ணும் கரைஞ்சு போயிடல.

அமெரிக்கா எதுக்கு, அப்ப இஸ்ரோ தலைவரா இருந்த சிவனையே பாரு. கன்னியாகுமரிப் பக்கம் சரக்கல்விளை விவசாயி மகன். 2019 செப்டம்பர் 7, நிலாவுக்கு 2 கிலோமீட்டர் இருக்கறப்ப விக்ரம் லேண்டரோட தொடர்பு அறுந்துபோச்சு. விடிஞ்சதும் பிரதமர் தோள்ல சாஞ்சு அழுதார், நாடே டிவியில பாத்துச்சு. தலைவர் அழுதுட்டாரேன்னு எந்த ராக்கெட்டும் வெக்கப்பட்டுக்கிட்டுப் பறக்காம நிக்கல. 2020 புத்தாண்டு அன்னிக்கு அதே மனுசன் சந்திரயான் 3 வருதுன்னு அறிவிச்சார். 2023 ஆகஸ்ட் 23, விழுப்புரத்து வீரமுத்துவேல் திட்ட இயக்குநரா இருக்க, அது எறங்கியே போச்சு.

உங்கப்பன் தறியில வளந்தவன்தானே நீ? கோர்வைச் சேலைக்கு மூணு நாடா, ரெண்டு ஆளு. கரைப் பக்கம் நாடா தள்ளற ஆளுக்கு வீட்டுல துக்கம்னா வாயைத் திறந்து சொல்லணும். சொன்னா, நெய்யறவன் ஒரு கண்ணை அந்தப் பக்கம் வச்சுக்குவான், இல்ல வேற ஆளைக் கூப்பிட்டுக்குவான். சொல்லாம வீரமா உக்காந்தா, கரையும் உடலும் சேர்ற எடத்துல இழை பிசகும். நீ மொகத்தை எவ்வளவு கம்பீரமா வச்சிருந்தேன்னு முதலாளி கேக்கமாட்டார். சேலையைத் திருப்பிப் பாத்துட்டுக் கூலியில கை வைப்பார்.

உன் கதையில இழையோட போகாதுடா, பக்கத்துல ப்ரெஸ் மிஷின் ஓடுது. மனசை அப்பன்கிட்ட விட்டுட்டு கையை மட்டும் மிஷின்கிட்ட கூட்டிட்டுப் போனா, யாரோ ஒருத்தன் விரலு போகும். அதனால மேனேஜர்கிட்ட போயி, "எங்கப்பாவுக்கு நெஞ்சு சரியில்ல, எனக்கு இன்னிக்கு வேலை ஓடல"ன்னு சொல்லு. உன் கீழ இருக்கற பசங்க காதுலயும் விழட்டும். நாளைக்கு அவனுங்க வீட்டுல ஒண்ணுன்னா உன்கிட்ட வந்து சொல்லுவானுங்க. இப்ப நீ வச்சிருக்கற மூஞ்சிக்கு, செத்த பாட்டியவே நாலாவது தடவை சாகடிச்சுத்தான் லீவு கேப்பானுங்க.

டானிக்கு ஷட்டில் வந்து ஊரு போயிச் சேர ரெண்டு மாசம் ஆச்சு, பாவம். ஒனக்கு ஸ்ரீபெரும்புதூர்ல ஏறினா காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு. சென்சார் கோளாறுன்னு அது நின்னதா நான் கேள்விப்பட்டதில்ல. உங்கப்பன் கேட்டா, எந்தக் கோளாறுல கப்பல் லேட்டுன்னு நான் சொல்லட்டும்?