உரிமையாளர் யாரென்று சொல்லாத அலுவலகம்: அமெரிக்க கவுன்டி நில ஆவணங்கள் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

நிலம் அசையாச் சொத்து. அசையாத ஒன்றைக் கைமாற்ற முடியாது என்பதால் மனிதர்கள் அதைப் பற்றிய தாளைக் கைமாற்றுகிறார்கள். அமெரிக்காவில் அத்தாள்கள் போய்ச் சேரும் இடம் கவுன்டி ரிக்கார்டர் அலுவலகம். அது எதையும் நம்புவதில்லை, எதையும் தூக்கி எறிவதுமில்லை என்பதும், இவ்விரு குணங்களின் மேல்தான் அந்நாட்டின் வீடு, மனை, பண்ணை அனைத்தும் நிற்கின்றன என்பதும் இவ்வாய்வின் துணிபு.

இயல் 1: களம்

கவுன்டி என்பது மாநிலத்துக்குக் கீழுள்ள நிர்வாகப் பிரிவு. நாடெங்கும் 3,000க்கு மேல் உண்டு. லூசியானாவில் அதற்குப் பாரிஷ் என்று பெயர், அலாஸ்காவில் பரோ. கனெக்டிகட், ரோட் ஐலண்ட், வெர்மான்ட் மாநிலங்களில் நில ஆவணம் கவுன்டியில் இராது, அந்தந்த ஊர் அலுவலகத்தில் இருக்கும். ஹவாயில் மாநிலம் முழுமைக்கும் ஒரே அலுவலகம். அதிகாரியின் பட்டமும் ஓரிடத்தில் ரிக்கார்டர், ஓரிடத்தில் ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ், டெக்சாஸில் கவுன்டி கிளார்க். ஆகவே ஆவணத்தைத் தேடுமுன் கதவைத் தேட வேண்டும் என்பது முதல் கண்டறிதல்.

கதவு கிடைத்தாலும் அது தவறான கதவாக இருக்கக்கூடும். வரிக்காக வீட்டை மதிப்பிடுபவர் அசெஸர்; பத்திரத்தைப் பதிபவர் ரிக்கார்டர். முன்னவரிடம் போய்ப் பின்னவரின் தாளைக் கேட்டால் அடுத்த ஜன்னலைக் காட்டுவார்கள். பத்திரத்துக்கு ஒரு கட்டடம், பட்டாவுக்கு இன்னொரு கட்டடம் என்று அலைந்து பழகிய தமிழர் இங்கே அயல்நாட்டு உணர்வை முற்றிலும் இழந்துவிடுகிறார்.

இம்முறையின் தொன்மைக்கு 1640ஆம் ஆண்டின் மாசசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றச் சட்டமே சான்று. நிலக் கைமாற்றத்தை ஏட்டில் ஏற்றாவிட்டால் அது மூன்றாம் மனிதரைக் கட்டுப்படுத்தாது என்றது அச்சட்டம். சட்டம் தடுக்கிறது என்றால் வழக்கம் முன்பே இருந்திருக்க வேண்டும். எனவே ஒரே நிலத்தை ஓசைப்படாமல் இருவருக்கு விற்கும் கலை, குடியேறிய சில ஆண்டுகளுக்குள்ளேயே அங்கு செழித்திருந்தது என்பது பெறப்படும்.

இயல் 2: நிலத்தை எழுத்தில் அடைத்தல்

பழைய பதின்மூன்று குடியேற்றங்களில் எல்லையைச் சொன்ன விதம் நமக்கு அந்நியமல்ல. இந்த ஓக் மரத்திலிருந்து ஓடைவரை, ஓடை வழியே கற்குவியல்வரை, அங்கிருந்து பக்கத்துக்காரர் வேலிவரை என்று பத்திரம் நடந்துகொண்டே போகும். பின்னாளில் மரம் பட்டுப்போகும். ஓடை வழி மாறும். கற்குவியலைப் பக்கத்துக்காரர் சுவர் கட்ட எடுத்துப் போயிருப்பார். பத்திரம் மட்டும் அப்படியே நிற்கும்.

இதற்குப் பரிகாரமாக 1785ஆம் ஆண்டு நிலச் சட்டம் மேற்குப் பக்கத்து நிலங்களைக் கட்டம் போட்டது. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். இதில் 16ஆம் செக்‌ஷன் பள்ளிக்கூடத்துக்கு. அளந்த கருவி எட்மண்ட் கன்டரின் சங்கிலி: 66 அடி நீளம், நூறு கண்ணிகள். 80 சங்கிலி ஒரு மைல். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், அதாவது ஒரு லட்சம் சதுரக் கண்ணி. அதில் நூறில் ஒரு பங்கான ஆயிரம் சதுரக் கண்ணியைத்தான், அதாவது 435.6 சதுர அடியைத்தான், நாம் ஒரு சென்ட் என்று பேரம் பேசுகிறோம். நாகர்கோவிலில் சென்ட் விலை கேட்பவரும் கான்சாஸில் செக்‌ஷன் உழுபவரும் ஒரே சங்கிலியால் கட்டுண்டவர்கள் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இயல் 3: தேடுதல்

நம்மூரில் சர்வே எண்ணைச் சொல்லி வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். அமெரிக்க கவுன்டிகள் பலவற்றில் நிலத்தைச் சொன்னால் போதாது, ஆளைச் சொல்ல வேண்டும். கொடுத்தவர் பெயரில் ஓர் அட்டவணை, வாங்கியவர் பெயரில் ஓர் அட்டவணை. இன்றைய சொந்தக்காரரை வாங்கியவர் பட்டியலில் பிடித்து, அவருக்குக் கொடுத்தவர் யார், அந்தக் கொடுத்தவர் யாரிடம் வாங்கினார் என்று பின்னோக்கிப் போக வேண்டும். பிறகு ஒவ்வொருவரையும் கொடுத்தவர் பட்டியலில் வைத்து, தன் காலத்தில் வேறு யாருக்காவது எழுதிக் கொடுத்தாரா, அடமானம் வைத்தாரா என்று முன்னோக்கி வர வேண்டும். இச்சங்கிலியில் ஒட்டாமல் தனியே கிடக்கும் பத்திரத்துக்கு வைல்ட் டீட் என்று பெயர். அது பதிவானதுதான், ஆனால் தேடுபவர் கண்ணில் படாது. அதனால் பிற்பாடு வாங்குகிறவரை அது பெரும்பாலும் கட்டுப்படுத்தாது.

பெயரை நம்பிய இந்த ஏற்பாடு, குடும்பப் பெயர் இல்லாத ஓர் இனம் வந்து வீடு வாங்கும் என்று எதிர்பார்த்திருக்கவில்லை. அப்பா சுப்பிரமணியன், மகன் கார்த்திக் என்று கொள்க. ஊரில் சு. கார்த்திக்காக இருந்தவர் விண்ணப்பத்தின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பாவை நிரப்புகிறார். அட்டவணையில் வீட்டை வாங்கியவர் சுப்பிரமணியன் என்று ஏறுகிறது. விமானமே ஏறாத அப்பா கலிஃபோர்னியாவில் வீட்டுக்காரர் ஆகிறார். சில ஆண்டு கழித்து வட்டி குறைகிறதென்று மறுகடன் எடுக்கும்போது யாரோ பெயரைத் திருப்பிப் போட்டுவிட, அடமானம் வைத்தவர் கார்த்திக் ஆகிறார். அட்டவணை அறிந்தவரை, வாங்கியவர் ஒருவர், அடமானம் வைத்தவர் வேறொருவர். இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னிலையில் சத்தியம் செய்து இன்னொரு தாள் பதிவாகும். ஒற்றைப் பெயர்க் கடவுச்சீட்டுக்காரர் நிலை இன்னும் நுட்பமானது. விசாவில் அவருக்கு இடப்படும் எஃப்.என்.யு. என்னும் மூன்றெழுத்து, முதற்பெயர் தெரியவில்லை என்ற பொருளில், சில வேளை பத்திரம்வரை கூடவே வரும்.

இயல் 4: தாக்கல் செய்தல்

பத்திரத்தை வாங்கும் எழுத்தர் அதில் சொல்லியிருப்பது உண்மையா என்று பார்ப்பதில்லை. அவர் பார்ப்பவை: நோட்டரியின் சான்று, கட்டணம், ஓரத்து வெள்ளை. கலிஃபோர்னியாவில் முதல் பக்கத்தின் தலையில் இரண்டரை அங்குலம் விட வேண்டும். அதில் இடப்பக்கம் மூன்றரை அங்குலம், பதிவு கேட்டவர் பெயருக்கும் தாளைத் திருப்பி அனுப்பும் முகவரிக்கும். வலப்பக்கம் ஐந்து அங்குலம் ரிக்கார்டருக்கு மட்டும். அந்த ஐந்து அங்குலத்தில் பதிவு எண்ணும் தேதியும் நேரமும் விழுந்த கணத்தில் தாள் சரித்திரமாகிறது.

பத்திர வகைகளில் ஆய்வாளரைக் கவர்ந்தது குவிட்க்ளெய்ம். ‘இதில் எனக்கு ஏதேனும் உரிமை இருந்தால் அதை உனக்கு விட்டுக்கொடுத்தேன், இல்லாவிட்டால் என்னைக் கேட்காதே’ என்பது அதன் சாரம். கோல்டன் கேட் பாலத்தில் தனக்குள்ள உரிமை முழுவதையும் ஒருவர் மைத்துனருக்கு இவ்வாறு எழுதிக் கொடுத்தால், கொள்கையளவில் அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எனினும் யாரும் முயல வேண்டாம். பொய்யான ஆவணத்தைத் தெரிந்தே பதிவுக்குக் கொடுப்பது கலிஃபோர்னியாவில் குற்றம், எது பொய் என்று தீர்மானிப்பது நீதிமன்றம்.

விலையை மறைக்கும் நாகரிகமும் அங்குண்டு. பல மாநிலங்களில் மாளிகையே கைமாறினாலும் ‘பத்து டாலரும் பிற தகுந்த பிரதிபலனும்’ என்றுதான் எழுதுவார்கள். ஆனால் கலிஃபோர்னியப் பத்திரத்தின் முகப்பில் கைமாற்ற வரி இருக்கும். கவுன்டி விகிதம் ஆயிரம் டாலருக்கு 1.10 டாலர். நகர வரி தனியாக இல்லாத இடத்தில் 1,650 டாலர் என்று கண்டால் வீடு 15 லட்சம் டாலர். பத்திரம் காத்த ரகசியத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வகுத்தலில் வெளிக்கொணர்வார்.

தாக்கலின் உயிர்நிலை வரிசை. ரேஷன் கடையில் செருப்பைப் போட்டு இடம் பிடிப்பதைப் போல, பத்திரத்தைப் போட்டு இடம் பிடிக்கிறார்கள். வட கரோலினாவில் யார் செருப்பு முந்தியதோ அவருக்கே நிலம், முன்பே ஒருவருக்கு விற்றாயிற்று என்று தெரிந்திருந்தாலும். கலிஃபோர்னியாவிலோ முந்தினால் மட்டும் போதாது. முதலில் வாங்கியவரைப் பற்றி அறியாதவராகவும் இருக்க வேண்டும். அறியாமைக்குச் சட்டம் பரிசளிக்கும் துறைகள் குறைவு. இத்துறை அவற்றுள் ஒன்று.

இயல் 5: தீயும் காப்பீடும்

1871 அக்டோபரில் சிகாகோ எரிந்தபோது குக் கவுன்டியின் நில ஏடுகளும் எரிந்தன. பதிவுகளைப் பார்த்துச் சுருக்கம் எழுதி விற்றுவந்த தனியார் சிலர் தங்கள் புத்தகங்களைத் தீயிலிருந்து கொண்டு போயிருந்தார்கள். அரசின் நினைவு போய்விட, கடைக்காரர்களின் குறிப்பேடே ஊரின் நினைவாயிற்று. 1872இல் அதற்கென்றே சட்டம் வந்தது. 1906இல் சான் ஃபிரான்சிஸ்கோ எரிந்தபோதும் நிலம் தன்னுடையதென்று நீதிமன்றத்தில் நிறுவிக்கொள்ள மெக்கெனர்னி சட்டம் தேவைப்பட்டது. இரண்டு தீயிலும் நிலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை மறக்கலாகாது.

எரியாத ஏடும் உறுதி தராது. போலிக் கையெழுத்தும் ஒளிந்திருந்த வாரிசும் பதிவில் தெரிவதில்லை. 1868இல் பென்சில்வேனிய உச்ச நீதிமன்றம், ஆவணத்தை நேர்மையாகப் பார்த்துத் தவறான கருத்துச் சொன்ன பத்திரத் தொழிலரிடம் வாங்கியவர் நட்டம் கேட்க முடியாது என்றது. வாங்கியவர்கள் விழித்தார்கள், 1876இல் ஃபிலடெல்ஃபியாவில் டைட்டில் இன்சூரன்ஸ் பிறந்தது. மற்றக் காப்பீடுகள் நாளை நடக்கப் போவதற்கு. இது நேற்று நடந்திருக்கக் கூடியதற்கு. ஒரே ஒரு முறை பணம் கட்டி, முன்பின் தெரியாதவர்களின் பழைய பாவங்களுக்குப் பாதுகாப்புப் பெறலாம்.

இயல் 6: எறியாமை

இவ்வியலில் நகைப்புக்கு இடம் குறைவு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வெள்ளையரல்லாதார் இங்கே வசிக்கக் கூடாது என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதினார்கள். கலிஃபோர்னியாவில் பல பத்திரங்கள் ஆசியரைப் பெயர் சொல்லியே விலக்கின. 1948இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில், இதை நீதிமன்றங்கள் நிறைவேற்ற இயலாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதிய வரிகள் மட்டும் ஏட்டிலேயே இருந்தன. அவற்றைத் தேடி மறைக்கும் பொறுப்பை 2021இல் கலிஃபோர்னியா தன் ரிக்கார்டர்களிடம் கொடுத்தது. மறைத்த படி பொதுமக்கள் பார்வைக்கு வருகிறது. மறைக்காத மூலமும் அலுவலகத்தில் பத்திரமாக இருக்கிறது. இன்று ஒரு தமிழ்க் குடும்பம் வாங்கும் பழைய வீட்டின் பின்னோக்கிய தேடலில், அவர்கள் அங்கே தூங்கக்கூடாது என்ற வரி அகப்படக்கூடும். எழுதியவனையும் நம்பாமல், எழுதியதையும் எறியாமல் வைத்திருக்கும் குணத்தின் விளைவு இது: உரிமையைத் தெரிந்துகொள்ளப் போனவர் ஊரின் குற்றப் பத்திரிகையோடு திரும்புகிறார்.

முடிவும் பரிந்துரைகளும்

மேற்கூறியவற்றால் அறியப்படுவன: கவுன்டி அலுவலகம் நிலம் யாருடையது என்று சொல்வதில்லை. யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு வந்து ‘என்னுடையது’ என்று சொன்னார் என்பதை மட்டும் சொல்கிறது.

வீடு வாங்கியோர்க்குச் சில பரிந்துரைகள். முதலாவது, எல்லாத் தாளிலும் பெயரை ஒரே வரிசையில் எழுதுக; அப்பா எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என்பதை முதல் கையெழுத்திலேயே முடிவு செய்க. இரண்டாவது, பத்திரம் பதிவான சில வாரங்களில் அரசு முத்திரை போன்ற ஒன்றைத் தாங்கிய கடிதம் வந்து, உங்கள் பத்திரத்தின் நகலுக்குப் பெருந்தொகை கேட்கும். கவுன்டியிலேயே அது சில டாலருக்குக் கிடைக்கும். கடிதத்தைக் குப்பையில் இடுக. மூன்றாவது, அசல் பத்திரத்தை லேமினேட் செய்து பீரோவில் பூட்டுவதை மறுபரிசீலனை செய்க. மூலப்பத்திரம் தொலைந்தால் குடும்பமே கலங்கும் நாட்டிலிருந்து வந்தவர்க்கு இது கடினம்தான். ஆனால் அங்கே வீட்டை விற்கும்போது அந்தத் தாளை யாரும் கேட்பதில்லை. பதிவு ஏட்டில் உள்ளதே போதும். வீட்டைக் காப்பது பீரோவில் உள்ள தாள் அன்று. வரிசையில் நமக்கு முன்னால் நின்றவர்களில் ஒருவரும் இதுவரை திரும்பி வந்து சண்டை போடவில்லை என்பதே காக்கிறது. அந்த ‘இதுவரை’க்குத்தான் காப்பீட்டு நிறுவனம் பணம் வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்கிறது.