லாரிக்கு ஒரு விருது

கொரியத் தொடர்களின் உண்மையான நாயகன் லாரிதான் என்று சொல்லும் ரசிகரோடு நாமக்கல்லில் யாரும் சண்டைக்குப் போக முடியாது. 2002-இல் வந்த ‘விண்டர் சொனாட்டா’வில் விபத்து நாயகனின் நினைவைப் பறித்தது. 2016-இன் ‘கோப்ளின்’ தொடரில் ஓட்டுநரே இல்லாமல் உருண்டு வந்த லாரி நாயகியின் உயிரை வாங்கியது. கதாசிரியர் திணறும் இடத்துக்கு லாரி நேரம் தவறாமல் வருகிறது. வாடகை பேரமில்லை, சுங்கச்சாவடி வரிசை இல்லை. “இதெல்லாம் நம்புற மாதிரியா இருக்கு?” என்று சேலத்தில் சிலர் கேட்கிறார்கள். 1940-இலேயே ‘உத்தம புத்திர’னில் பி.யு. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் காட்டிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த சேலத்துக்காரர்கள் கேட்கிற கேள்வியா இது?

ஆகவே, லாரிக்குப் பாடி கட்டுவதில் நாடறிந்த நாமக்கல்லிலிருந்தே சியோலுக்கு வண்டி போவதுதான் நியாயம். திரும்பி வரும்போது லோடு கிடைக்குமா என்ற கவலை வேண்டாம், அந்த லாரிகள் திரும்புவதில்லை. போகும்போது ராம்யோன் நூடுல்ஸில் உடைத்து ஊற்ற நாலு தட்டு முட்டையும் ஏற்றிவிடலாம். சிக்கல் ஒன்றுதான். நம் லாரியின் ஏர் ஹாரன் கேட்டால் நாயகன் துள்ளி ஓரம் போய்விடுவான். 16 பகுதித் தொடர் முதல் பகுதியிலேயே சுபம். பட்டறைக்காரர்கள் தயவுசெய்து ஹாரனைக் கழற்றிவிட்டு அனுப்பவும்.