பெயர் இல்லாத மில்சப்

கே: வாட்ச் பிரியர்கள் 'மில்சப்', 'மில்சப்' என்று உருகுகிறார்களே, அது என்ன?

ப: மிலிட்டரி சப்மரைனர் என்பதன் செல்லச் சுருக்கம். 1970-களில் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் தன் முக்குளிப்பு வீரர்களுக்காக ரோலெக்ஸிடம் சொல்லிச் செய்து வாங்கிய கைக்கடிகாரம். கடையில் விற்ற சப்மரைனர் 5513 மாடலில் ராணுவம் கேட்ட மாற்றங்களைச் செய்து கொடுத்தார்கள். பிறகு இதற்கென்றே 5517 என்ற எண் வந்தது. மொத்தமே சுமார் 1,200 என்பது சேகரிப்பாளர்கள் கணக்கு. ஏலத்தில் கோடி ரூபாயைத் தாண்டியவை உண்டு. ஆகவே ஆசைப்பட்டவர்கள் தாங்களே செய்து கட்டிக்கொள்ள உட்கார்ந்துவிடுகிறார்கள். நல்ல பொழுதுபோக்கு, தாராளமாகச் செய்யுங்கள்.

கே: சாதாரண சப்மரைனருக்கும் இதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?

ப: முள், பெசல் (டயலைச் சுற்றியுள்ள வளையம்), ஸ்ட்ராப் கம்பி. சாதாரண சப்மரைனரின் மணி முள்ளில் ஒரு வட்டம் இருக்கும். ராணுவம் வாள் வடிவில் அகலமான முள் கேட்டது. கலங்கிய தண்ணீரிலும் சட்டென்று கண்ணில் படும். பெசலில், கடையில் விற்றதற்கு முதல் 15 நிமிடத்துக்கு மட்டுமே நிமிடக் கோடுகள். இதற்கு 60 நிமிடத்துக்கும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. ஸ்ட்ராப் மாட்டும் இடத்தில் ஸ்பிரிங் பின்னுக்குப் பதில் கெட்டியான கம்பியை வைத்துப் பற்றவைத்தே விட்டார்கள். பின் தெறித்தால் வாட்ச் கடலடிக்குப் போய்விடும். பற்றவைத்த கம்பி எங்கே தெறிப்பது? நகல் செய்பவர் இந்தக் கம்பியை விட்டுவிட்டால் மில்சப்பின் உயிரையே விட்டுவிட்டார் என்பேன். பற்றவைக்கக் கொடுக்கும்போது கூடு காலியாக இருக்கட்டும். மிஷின், கண்ணாடி, ரப்பர் வளையம் எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிடுங்கள்.

கே: எந்த மிஷின் போடலாம்?

ப: முதல் முயற்சிக்கு சீகோவின் என்எச்35. 24 கல், மணிக்கு 21,600 துடிப்பு, முழுதாகச் சாவி ஏறினால் 41 மணி நேரம் ஓடும். எங்கும் கிடைக்கும், கைத்தவறலையும் ஓரளவு தாங்கும். ஒரு விஷயம்: மில்சப்பில் தேதி கிடையாது. என்எச்35-இல் உண்டு. டயல் தேதிச் சக்கரத்தை மறைத்துவிடும். ஆனால் க்ரௌனை (சாவித் திருகை) இழுக்கும்போது எதற்கும் உதவாத ஒரு 'க்ளிக்' நடுவில் வரும். அது உறுத்தினால் தேதியே இல்லாத என்எச்38 வாங்குங்கள். எனக்கு உறுத்தும்.

கே: முள் செட் ஒரு கடையில், என்எச்35 இன்னொரு கடையில் வாங்கினேன். நொடி முள் மட்டும் நிற்காமல் விழுகிறது. மிஷினில் கோளாறா?

ப: மிஷின் நன்றாக இருக்கிறது. உங்களுக்குக் கிடைத்தது ஈட்டா 2824 என்ற வேறு மிஷினுக்கான முள். மணி முள் துளை 1.50 மி.மீ., நிமிட முள் துளை 0.90, இவை இரண்டு மிஷினுக்கும் ஒன்றுதான். நொடி முள்ளில்தான் பிரிகிறார்கள்: ஈட்டாவுக்கு 0.25, சீகோவுக்கு 0.20. முள்ளின் குழாயை நெரித்துப் பொருத்தப் பார்க்காதீர்கள். சரியான முள் வாங்குங்கள்.

கே: முள் பதிக்கும்போது கை நடுங்குகிறது.

ப: முழங்கை இரண்டையும் மேஜையில் ஊன்றுங்கள், பாதி நடுக்கம் போய்விடும். விரலுக்கு ரப்பர் உறை. டயலின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றைப் போட்டுக்கொண்டு அழுத்தினால் கீறல் விழாது. மணி முள்ளையும் நிமிட முள்ளையும் சரியாக 12-இல் வைத்துப் பதியுங்கள். பிறகு க்ரௌனைத் திருப்பி 3, 6, 9 ஒவ்வொன்றிலும் நிறுத்திப் பாருங்கள். நிமிட முள் 12-இல் நிற்கும்போது மணி முள் அந்தந்தக் குறியின் நேர் நடுவில் நிற்க வேண்டும். நொடி முள்தான் பரீட்சை. அது உட்காரும் அச்சு 0.20 மி.மீ. தடிமன், அவ்வளவுதான். முள்ளை அச்சின் தலையில் நிறுத்தி, பூதக்கண்ணாடியில் பார்த்தபடி, துளை நேராக வந்த பிறகே அழுத்த வேண்டும். உட்காருவது விரலுக்குத் தெரியும். பின்னர் வாட்சைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பாருங்கள்: மூன்று முள்ளுக்கும் இடையே வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் என்றைக்காவது ஒன்றோடொன்று உரசி வாட்ச் நின்றுவிடும்.

கே: க்ரௌன் தண்டை எவ்வளவு வெட்டுவது?

ப: வேண்டியதைவிடக் குறைவாக. மீதியை அரத்தால் தேயுங்கள். உபரித் தண்டு ஒன்றும் வாங்கி வையுங்கள்.

கே: புத்தம் புதிதாகப் பளபளக்கிறது. ஐம்பது வருடப் பழமை கொண்டுவர என்ன வழி?

ப: டயலிலிருந்து தொடங்குங்கள். அசல் டயலின் கீழ்ப்பாதியில் வட்டத்துக்குள் 'டி' என்ற எழுத்து இருக்கும். டிரிட்டியம் பூசியது என்று பொருள். டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. ஐம்பது வருடத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால் அசல் இன்று இருட்டில் ஏறக்குறைய ஒளிர்வதே இல்லை. நிறம் மட்டும் பாலேடு போல மாறியிருக்கும். இன்றைய ஒளிப்பூச்சு கதிரியக்கம் இல்லாத ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்; அது பாலேட்டு நிறத்திலேயே கிடைக்கிறது. டயலில் தேநீர், காபி தடவுவதை ஒழித்துவிடுங்கள். ஈரம் மிஷினுக்கு எமன். பெசலின் அலுமினியத் தகட்டை மட்டும் கழற்றி ப்ளீச்சில் நனைத்தால் கறுப்பு வெளுத்துச் சாம்பலாகும். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கூட்டை உப்புத்தாளால் கீறுவது எனக்கு உடன்பாடில்லை. கட்டிக்கொண்டு திரியுங்கள், கீறல் தானாக வரும்.

கே: அப்படியானால் 1940-களின் நிஜ ராணுவ டயலையே வாங்கிச் சுரண்டி, புதிதாகப் பூசலாமா?

ப: கூடவே கூடாது. 1945 வாக்கில் பன்னிரண்டு கம்பெனிகள் பிரிட்டிஷ் ராணுவத்துக்குச் செய்த வாட்சுகளில் இருந்தது ரேடியம். அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. ஒளி செத்திருக்கும், கதிரியக்கம் அப்படியே இருக்கும். சுரண்டிய தூசு மூச்சில் போனால் எலும்பில் தங்கும். ரேடியத்தைத் தூரிகையால் டயலில் பூசிய அமெரிக்கப் பெண் தொழிலாளர்கள் பலர் 1920-களில் தாடை எலும்பு அழுகி இறந்தார்கள். அந்த வாட்சுகளின் மூடியைத் திறக்காதீர்கள்.

கே: 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் ஜேம்ஸ் பாண்ட் கட்டியிருக்கும் நேட்டோ ஸ்ட்ராப் இதற்குப் பொருந்துமா?

ப: படம் 1964. நேட்டோ ஸ்ட்ராப் என்று நாம் சொல்லும் நைலான் பட்டைக்குப் பிரிட்டிஷ் ராணுவம் அளவு வகுத்தது 1973. பாண்ட் கட்டியது வேறு, அதிலும் வாட்சுக்குப் பொருந்தாமல் ஒடுக்கமானது. நீங்கள் 20 மி.மீ. சாம்பல் நிறப் பட்டை வாங்குங்கள். பற்றவைத்த கம்பியில் நுழைத்து இழுக்கும் பட்டைதான் போகும்.

கே: கட்டிக்கொண்டு நீந்தலாமா?

ப: ரப்பர் வளையங்களுக்கு சிலிக்கான் கிரீஸ் தடவி, ஒரு வாட்ச் கடையில் காற்றழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். தேறினால் நீந்துங்கள்.

கே: டயலில் ரோலெக்ஸ் பெயரும், பின்மூடியில் ராணுவ எண்ணும் போட்டுத் தருகிறேன் என்கிறார் நண்பர். எனக்காகத்தானே, விற்கப் போவதில்லையே?

ப: வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நம் நாட்டின் வணிகச் சின்னங்கள் சட்டம், 1999-இன்படி அடுத்தவர் சின்னத்தைப் பொய்யாகப் பொறித்தால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அசலின் பின்மூடியில் இருக்கும் அகன்ற அம்புக்குறி பிரிட்டிஷ் அரசின் உடைமை என்று காட்டுவது. 0552 என்றால் கடற்படை, டபிள்யூ10 என்றால் தரைப்படை. தண்ணீருக்குள் உயிரைப் பணயம் வைத்தவர்களுக்குக் கொடுத்த அடையாளங்கள் அவை. இன்று நீங்கள் விற்காவிட்டாலும் நாளை உங்கள் பிள்ளைகள் அசல் என்று நம்பி விற்பார்கள். யாரோ ஒருவர் ஆயுள் சேமிப்பைக் கொடுத்து ஏமாறுவார். டயலில் பெயர் இல்லாமல் விடுங்கள். பின்மூடியில் உங்கள் பெயர், என்ன மிஷின், எந்த வருடம் செய்தது என்று பொறியுங்கள்.